இடது கைக்கு மட்டும்

க்ரீம் கம்பெனியின் மாடியில் இருந்த அளவை அறைக்கு வந்துபோகும் பெண்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘இருபது நிமிஷம்’. வாயைத் திறந்தால் அவனிடமிருந்து முதலில் வருவது அதுதான். கையை முழங்கை வரை திறந்து மேசைமேல் வையுங்கள், இருபது நிமிஷம் அசையாதீர்கள், டீ குடிக்காதீர்கள், விசிறிக்கொள்ளாதீர்கள். வெயிலில் நடந்து வந்தவளின் தோல் தன் நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை அவன் ஒரு நிமிஷம்கூடக் குறைத்ததில்லை. ஒருநாள் சுவர்க் கடிகாரம் நின்றுபோனதை அறியாமல் ஆறு பெண்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டான். அன்றைய எண்களை வைத்துக்கொள்வதா, அடித்துவிடுவதா என்று இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட ஆள்.

அவனிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று பேனா மாதிரி. தொட்டால் மேல்தோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று சின்னப் புகைக்கூண்டு மாதிரி. தோல்மேல் வைத்துப் பிடித்தால் உடம்புக்குள்ளிருந்து எவ்வளவு ஈரம் ஆவியாகி வெளியே போகிறது என்று சொல்லும். முதலாவதை ஈர எண் என்றும் இரண்டாவதை ஆவி எண் என்றும் அவன் எழுதுவான். ஈர எண் ஏறினால் நல்லது. ஆவி எண் ஏறினால் தோலின் மேல்படலம் விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று பொருள். இடது கைக்கு க்ரீம், வலது கைக்கு ஒன்றுமில்லை. ஒரு கையோடு இன்னொரு கையை ஒப்பிட வேண்டும். அது அந்த அறையின் மாறாத வழக்கம். டப்பாவின் மேல் ‘இருபத்து நான்கு மணி நேர ஈரம்’ என்று அச்சடிக்க மேலாளருக்கு ஈர எண் போதும். ஆவி எண்ணையும் அவன் ஒழுங்காக எழுதிக் கீழே அனுப்புவான். அது அங்கே ஏதோ ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சில க்ரீம்களில் இரண்டு எண்களும் கைகோத்துக்கொண்டு ஏறுவதை அவன் பார்த்திருந்தான். பூசிய தோல் தொட்டால் மெத்தென்று இருக்கும்; நான்கு வாரம் கழித்து அளந்தால் பூசாத கையைவிட அதிகமாக ஒழுகும். எல்லா க்ரீமிலும் அப்படி இல்லை. சிலவற்றில் ஒழுகல் குறையவே செய்தது. எது எதனால் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குத் தனக்குப் படிப்பு போதாது என்பது அவன் மனக்குறை. அதற்காகத்தான் வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போனான்.

வகுப்பில் ஆசிரியர் ஆளுக்கொரு ஆய்வு செய்துகொண்டு வரச் சொன்னார். சின்னதாக இருக்கட்டும், ஒழுங்காக இருக்கட்டும், ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் யோசித்த முதல் கை மனைவியின் கை.

அவள் ஒரு பெரிய மாணவர் விடுதியின் சமையல்கூடத்தில் ஆறு வருஷமாகப் பாத்திரம் கழுவினாள். காலை ஆறு மணிக்குத் தொட்டிக்கு முன்னால் நின்றால் இரண்டு மணிக்குத்தான் கையைத் துடைப்பாள். கையுறை கொடுத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்துகொண்டு வெளியே வராது, போதாக்குறைக்குக் கண்ணாடி டம்ளர் வழுக்கும் என்று அதை ஆணியில் மாட்டிவிட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வாளி நிறைய க்ரீம் இருக்கும். கழுவுகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் அதில் கைவிட்டு அள்ளிப் பூசிக்கொள்வார்கள். ஒரு டப்பாவில் வீட்டுக்கும் கொண்டுவந்து வைத்திருந்தாள். பூசிய அரைமணி நேரம் சுகம். பிறகு மறுபடி எரிச்சல்.

அந்த மாதம் அவளுக்கு முக்கியமான மாதம். ஒப்பந்தத்தில் இருந்த பதினெட்டுப் பேரில் பத்துப் பேரை விடுதி நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்போகிறது, மற்றவர்களை அனுப்பிவிடப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். நான்கு வார வருகைதான் அளவுகோல். இரண்டு நாள் தவறலாம். மூன்றாவது நாள் தவறினால் பெயர் இருக்காது. அவள் ஆறு வருஷத்தில் மொத்தமே ஐந்து நாள்தான் விடுப்பு எடுத்தவள். பத்துப் பேரில் தன் பெயர் இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளுடைய நான்கு வாரமும் அவனுடைய நான்கு வாரமும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குவது அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்கு முந்தின ஞாயிறை முதல் நாள் என்று நோட்டில் எழுதினான்.

அவன் விளக்கியதை அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். எண்ணெயும் தண்ணீரும் சேராது, அதைச் சேர்த்து வைக்க அந்த வாளி க்ரீமில் சோப்பு மாதிரி ஒன்று கலந்திருக்கிறார்கள், டப்பாவுக்குள் அது செய்கிற வேலையைத் தோலிலும் செய்யும், தோலின் செதில்களுக்கு நடுவே பூச்சு மாதிரி இருக்கிற கொழுப்பைக் கரைத்துவிடும், அதனால் மேலே ஈரமாகத் தெரிந்தாலும் உள்ளே ஒழுகும் என்றான்.

“அப்ப ஆறு வருஷமா பாத்திரத்தோட சேர்த்து என்னையும் கழுவிக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க.”

“அப்படித்தான் நினைக்கிறேன். நிச்சயமா தெரியாது. அதுக்குத்தான் இது.”

விதி எளிமையானது. இடது கைக்கு வழக்கம்போல க்ரீம். வலது கைக்கு, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, எதுவும் கூடாது. எண்ணெய்கூடக் கூடாது. முதல் இரண்டு வாரம் வலது கை மோசமாகும். அப்புறம் தோல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒருநாள் பூசினாலும் எல்லாம் பாழ்.

“ஒரு கைக்கு வச்சுட்டு இன்னொரு கையப் பட்டினி போட்டா அது கோவிச்சுக்காதா?” என்றாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

தேய்க்கிற கை வலது, பிடித்துக்கொள்கிற கை இடது. இரண்டுக்கும் சோப்புத் தண்ணீர் ஒரே அளவில்தான் படுகிறதா என்று அவன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். அவளைப் பாத்திரம் இல்லாமலே கழுவுவதுபோல நடித்துக் காட்டச் சொல்லி, எந்தக் கை எத்தனை முறை தண்ணீருக்குள் போகிறது என்று கோடு போட்டு எண்ணினான். அவர்களுக்கு ஒரு பெண் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்; பிள்ளைகள் இல்லாத வீடு, அவர்கள் இருவர்தான் சிரித்தார்கள். வேறு என்னென்ன வித்தியாசம் இரண்டு கைக்கும் நடுவே இருக்கிறது என்று ஒரு பட்டியலே போட்டான். ஏழு வரி. பின்னால் தெரியவந்த ஒன்று அந்த ஏழிலும் இல்லை.

கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய புகைக்கூண்டுக் கருவியை மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஞாயிறு காலை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேசைமேல் துணி விரித்து அவளை உட்காரவைப்பான். இருபது நிமிஷம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் கையை வெறுமனே வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தது அந்த ஞாயிறுகளில்தான். வேர்த்து வழியும். அவள் விடுதிக் கதைகளைச் சொல்வாள். யார் யாருடன் பேசுவதில்லை, சூப்பர்வைசர் அம்மா எந்தப் பையனின் தட்டில் கூடுதலாக வைக்கிறாள். அவன் பாதிக் காதால் கேட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பான்.

முதல் நாள் ஆவி எண் இடதுக்கு இருபத்து நான்கு, வலதுக்கு இருபத்து மூன்று. எட்டாம் நாள் வலது இருபத்தொன்பது. பதினைந்தாம் நாள் முப்பத்தொன்று. வலது கை விரல்கள் வெளுத்து, நுனிகள் காய்ந்து வெடித்து, கோடுகளெல்லாம் மழுங்கிப்போயிருந்தன. இடதும் நன்றாக இல்லை, ஆனால் மெத்தென்று இருந்தது. சொன்னபடியே நடக்கிறது என்று அவனுக்குத் திருப்தி. எழுதிய எண்ணை மூன்று முறை சரிபார்த்தான்.

அன்று அவளுடைய அண்ணன் வந்திருந்தான். விடுதிக்குக் காய்கறி, மளிகை ஏற்றிவரும் வேனை ஓட்டுகிறவன். தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். தங்கையின் கைகளைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தான்.

“மாப்ள, நாங்க கட்டிக் குடுத்தப்ப முழுசாத்தான் குடுத்தோம். நீங்க பாதி பாதியா பிரிச்சு வச்சிருக்கீங்க.”

அவன் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வாரம்தான் மச்சான் என்றான். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கை அவனைக் கண்ணால் அடக்கி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தாள்.

மறுநாள், பதினாறாம் நாள், விடியற்காலையில் அவள் கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டாள்.

“ஏங்க, வலது கைக்கு இன்னைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் வச்சுக்கட்டுமா?”

“ஒருநாள் வச்சா பதினஞ்சு நாளும் போச்சு.”

“விரல் நுனிக்கு மட்டும்.”

“நுனியும் கைதானே.”

அவள் சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவனுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இளகிவிடாமல் நின்றதில் ஒரு பெருமையும் இருந்தது. நோட்டை எடுத்துத் தேதி போட்டு ஒரு வரி எழுதினான்.

இருபத்திரண்டாம் நாள் வலது இருபத்தேழுக்கு இறங்கியது. அந்த ஞாயிறு அவள் கதை எதுவும் சொல்லவில்லை. அலுப்பு என்று நினைத்தான்.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் வழக்கம்போல இரண்டு கைகளையும் துணிமேல் வைத்து உட்கார்ந்தாள். இருபது நிமிஷமும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது இருபத்தாறு. வலது இருபத்தொன்று. பூசாத கை பூசிய கையைவிடக் குறைவாக ஒழுகியது. நம்பிக்கை வராமல் கருவியைத் துடைத்து மறுபடி வைத்தான். மறுபடியும் இருபத்தொன்று. பழைய கருவி பொய் சொல்கிறதோ என்று தன் கையில் வைத்துப் பார்த்தான்; பதினொன்று, சரியாகவே இருந்தது.

“பாத்தியா, பாத்தியா” என்றான். “நான் தப்பா சொல்லலை.”

“நல்லதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் துணியை மடித்து வைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். உட்காரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, தங்கையின் பெயர் பட்டியலில் இல்லாததைப் பற்றி மாப்பிள்ளை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பட்டியல், எப்போது ஒட்டினார்கள் என்று விழித்தான். நேற்று மத்தியானம் ஒட்டினார்கள் என்று அண்ணன் சொன்னான். அவள் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

நடந்ததை அண்ணன்தான் சொன்னான். விடுதி வாசலில் விரல் மெஷின் இருக்கிறது. ஆறு மணிக்கு முன்னால் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், அன்றைக்கு வந்ததாகக் கணக்கு. ஆறு பத்துக்கு அது மூடிக்கொள்ளும். இரண்டாவது வாரக் கடைசியிலேயே இவள் விரலை அது எடுக்கவில்லை. வைக்கிறாள், சிவப்பு. துடைத்து வைக்கிறாள், சிவப்பு. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனக, ஒதுங்கி நின்று எல்லோரும் போன பிறகு வைக்கிறாள், சிவப்பு. அந்தச் சனிக்கிழமை பதினோராவது தடவையில் பச்சை எரிந்து உள்ளே போனாள். அப்புறம் செவ்வாய் போனது, வியாழன் போனது, அடுத்த திங்களும் போனது. மூன்று நாளும் எட்டு மணி நேரம் தொட்டியில் நின்று கழுவியிருக்கிறாள். சூப்பர்வைசர் அம்மாவிடம் போய், நீங்களே பார்த்தீர்களே என்று கேட்டாளாம். நான் பாக்குறது கணக்கு இல்லம்மா, அது பாக்குறதுதான் கணக்கு என்று அந்த அம்மா சொன்னாளாம். வேறு விரலைப் பதிய வேண்டுமானால் மெஷின்காரர் அடுத்த மாதம்தான் வருவாராம்.

“எந்த விரல்?” என்று அவன் கேட்டான். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“வலது கட்டைவிரல்” என்றான் அண்ணன். “ஆறு வருஷமா அந்த விரல வச்சுத்தான் உள்ள போறா. ஊர்ல இருக்கிறவங்க தோலையெல்லாம் அளக்குறீங்க மாப்ள. இது தெரியாதா உங்களுக்கு?”

காய்ந்து மழுங்கிய தோலில் கோடு தெரியாது என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சம் க்ரீம் தடவி ஒரு நிமிஷம் பொறுத்து வைத்திருந்தால் அந்த மெஷின் எடுத்திருக்கும் என்றும் தெரியும். தோலைப் பற்றி அவனுக்குத் தெரியாதது அதிகமில்லை. அவன் மனைவியைப் பார்த்துத் திரும்பினான்.

“நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“கேட்டேனே.”

அவள் உள்ளே போய் அவனுடைய நோட்டை எடுத்துவந்து, பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அவன் கையெழுத்துதான். நாள் பதினாறு. திங்கள். வலது கைக்கு ஒருநாள் க்ரீம் பூச அனுமதி கேட்டாள். மறுக்கப்பட்டது.

“எதுக்குக் கேட்டேன்னு எழுதலை பாருங்க” என்றாள். “நீங்க கேக்கலை, அதான்.”

“தெரியாம வச்சிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியப்போகுது?”

“நீங்க அதையும் நம்பி எண்ணு எழுதிட்டு உக்காந்திருப்பீங்க. அப்புறம் அது பொய்யாயிடும்ல.”

அண்ணன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த வேலையைத் தொலைத்தீர்கள் என்று முணுமுணுத்துவிட்டு, வேன் சாவியைக் கையில் உருட்டியபடி இறங்கிப் போனான்.

“இன்னைக்குக் காலையிலயாவது சொல்லியிருக்கலாம்” என்றான் அவன்.

“நாலாவது வாரம்தான் முக்கியம்னு சொன்னீங்க. ஒண்ணாவது உருப்படியா முடியட்டும்னு இருந்தேன்.” அடுப்பங்கரைக்குப் போனவள் திரும்பி வந்தாள். “இன்னொண்ணு. அந்த மூணு நாளும் விரல நெத்தியில தேய்ச்சுட்டு வச்சுப் பாத்தேன். நெத்தியில எண்ணெப் பசை இருக்கும்ல. அது உங்க கணக்குல வருமான்னு தெரியலை. எதுக்கும் எழுதிக்கோங்க.”

அவன் பேனாவை எடுக்கவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருந்தாள். விடுதி வாளி இல்லை, அதனால் க்ரீமும் இல்லை. தொட்டி இல்லை, அதனால் சோப்புத் தண்ணீரும் இல்லை. இரண்டு பேருக்கு எத்தனை தட்டு. மூன்று வாரத்தில் இரண்டு கைகளும் தேறின. வெடிப்புகள் மூடின, விரல் நுனியில் கோடுகள் சுழி சுழியாக எழும்பி வந்தன. அளந்து பார்க்கவில்லையா என்று ஒரு ஞாயிறு அவளாகவே கேட்டு, ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி உட்கார்ந்தாள். இடது பன்னிரண்டு, வலது பதினொன்று. அவன் கையின் எண்ணும் அதுதான்.

“எவ்வளவு காட்டுது?”

“நல்லா இருக்கு.”

“இருக்கும்” என்றாள். “வேற வேலை என்ன அதுக்கு.”

வகுப்பில் அவன் இருபத்தொன்பது நாளை மட்டும் படித்தான். ஆசிரியர் எண்களைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். இந்த நான்கு வாரத்தில் வேறு ஏதாவது மாறியதா என்று கேட்டார். அவன் நாட்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். வேலை போனது இருபத்தெட்டாம் நாள் மத்தியானம். அதுவரை அவள் ஒரு பாத்திரம் குறையாமல் கழுவியிருந்தாள். நெற்றியில் தேய்த்ததைச் சொன்னான். அதெல்லாம் பொருட்டில்லை, மிகவும் சுத்தமான ஆய்வு, இவ்வளவு ஒழுங்கான ஆள் எங்கே கிடைத்தார் என்று ஆசிரியர் கேட்டார். பின் வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவன் உட்கார்ந்தான். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு க்ரீம். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று கடைசிப் பக்கத்தில் அவனே எழுதியிருந்தான். அதை யாரும் படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் வேறு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தான். ஒரு அலுவலகத்தின் உணவுக்கூடம். ஒப்பந்தம்தான், பழைய ஆறு வருஷம் சேராது, முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. வேலை பாத்திரம் கழுவுவது. சேர்க்கும் நாளில் அவனும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

எழுத்தர் படிவத்தை நிரப்பிவிட்டு, கறுப்பு மெஷினை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். எந்த விரலைப் பதிகிறீர்கள் என்று கேட்டார். எதையும் யாரிடமும் கேட்காமல் ஒன்பது வருஷம் வீட்டை நடத்தியவள், அவன் பக்கம் திரும்பினாள்.

“கேக்குறாருல்ல. எந்தக் கைங்க?”

கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தான். தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இடது என்று சொன்னால் வலதுக்கு இன்னும் ஏதோ திட்டம் வைத்திருக்கிறான் என்றாகும். வலது என்றால், அதைக் கெடுத்தவனே சொல்கிறான் என்றாகும். எழுத்தர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

அவள் காத்திருக்கவில்லை. இடது கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து மெஷின்மேல் வைத்தாள். ஒரே தடவையில் பச்சை எரிந்தது.

“வலது உங்க நோட்டுல இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, எழுத்தர் காட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஆடி நிற்கும் இடைவெளியில் ஒரு நீளத் தொட்டியும், அதன் ஓரத்தில் வெள்ளை வாளி ஒன்றும் தெரிந்தன.